லாட வடிவில் ஒரு வகுப்பறை

எங்கள் கல்லூரியில் புதிய கட்டடம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும் பொறுப்பு எப்படியோ என் மேசைக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. வணிக நிர்வாகவியல் துறையில் இருபத்து மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டவள் என்பதும், தமிழில் பிழையில்லாமல் எழுதுவேன் என்ற பெயர் ஒரு காலத்தில் கிடைத்துவிட்டதும்தான் காரணம். இந்த முறை சுற்றறிக்கையில் தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘புதிய வசதிகளும் மாணவர் சாதனைகளும்’.

வசதிகளைப் பட்டியலிட ஒரு மாலைப்பொழுது போதும். நான்கு தளங்கள், லிஃப்ட், குளிரூட்டப்பட்ட கருத்தரங்கக் கூடம், பங்குச் சந்தை விலைகள் ஓடும் திரையுடன் ஓர் ஆய்வகம், வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு. சாதனைகளின் பட்டியலும் கடினமில்லை. பல்கலைக்கழகத் தரவரிசையில் வந்தவர்கள், வளாக நேர்காணலில் வேலை பெற்றவர்கள், பிற கல்லூரிகளின் போட்டிகளில் வென்றுவந்த சுழற்கோப்பைகள். என்னைத் தடுத்து நிறுத்தியது தலைப்பில் இருந்த அந்த ‘உம்’தான். எண்ணும்மை இரண்டு பொருள்களை அடுத்தடுத்து நிறுத்துமே தவிர, ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று சொல்லாது. ஆனால் மலரைப் புரட்டும் பெற்றோர் அதை அப்படித்தான் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கப்பட வேண்டும் என்றுதான் நாங்களும் எழுதுகிறோம். கட்டடத்துக்கும் சாதனைக்கும் இடையே உண்மையில் என்ன இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கியபோது, பல ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காகச் சில மாதங்கள் தங்கியிருந்த அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம், ஐ.ஐ.எம். என்று எல்லோரும் சொல்லும் அந்தச் செங்கல் வளாகம், நினைவுக்கு வந்தது. விழா மலரில் இடம் பெற முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த வளாகத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அதன் மாபெரும் வட்டத் திறப்புகளும் வளைவுகளும் நினைவிருக்கும். நேரில் பார்க்கும்போது முதலில் கவனத்துக்கு வருவது அதன் நிழல். ஏப்ரல் மாத வெயிலில் வெளியே நிற்க முடியாத ஊரில், சுவர்களுக்கும் அறைகளுக்கும் நடுவே ஆழமான தாழ்வாரங்களை விட்டு, வெயில் நேராக அறைக்குள் விழாமல் செய்திருக்கிறார் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான். பூச்சில்லாத செங்கல். விரலை வைத்து இழுத்தால் சில இடங்களில் சிவப்புப் பொடி ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். எங்கள் வீட்டுப் பழைய கிணற்றுச் சுவரில் பார்த்த அதே உப்பு. இவ்வளவு பெயர் பெற்ற கட்டடத்துக்கும் கிணற்றுச் சுவரின் நோய் வரும் என்பது அன்று எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

இந்தக் கழகம் 1961 டிசம்பர் 11 அன்று தொடங்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கல்கத்தாவில் முதல் ஐ.ஐ.எம். உருவாகியிருந்தது. 1959-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ராபின்ஸ் இந்தியாவுக்கு வந்து கொடுத்த அறிக்கை, மேலாண்மைக் கல்விக்குத் தனியாக ஒரு நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அகமதாபாத்தில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் விண்வெளி ஆய்வாளர் விக்ரம் சாராபாய். உடன் நின்றவர் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய். மத்திய அரசு, பிறந்து ஓராண்டே ஆகியிருந்த குஜராத் மாநில அரசு, உள்ளூர்த் தொழில்துறை ஆகிய மூன்றும் கைகோத்தன. ஃபோர்டு அறக்கட்டளையின் பணமும் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் கூட்டுறவும் சேர்ந்தன. எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழும் வராமல் ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்டதற்கு ஒரு விலை இருந்தது: பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. 2018 ஜனவரி 31 அன்று ஐ.ஐ.எம். சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, நாட்டிலேயே மிகக் கடினமான நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது முதுநிலைப் பட்டயம் மட்டுமே. பல்கலைக்கழக இணைப்புக்காகவும் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதலுக்காகவும் பாதி வாழ்நாளைச் செலவிட்ட எனக்கு, அந்தப் ‘பட்டய’ச் செய்தி மாணவர் சாதனைப் பட்டியலைவிட வியப்பாக இருந்தது.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது தேதிகளைப் பற்றித்தான். கழகம் நகரின் ஷாஹிபாக் பகுதியில் ஒரு பங்களாவில் தொடங்கியது. கான் 1962-ல் வடிவமைப்பைத் தொடங்கினார். அகமதாபாத்தின் பாலகிருஷ்ண தோஷி அவருக்குத் துணை நின்றார். வேலை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1974 மார்ச்சில், அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் கான் மாரடைப்பால் இறந்தார். எஞ்சிய வேலைகளை அனந்த் ராஜே தொடர்ந்தார். முதுநிலைப் பட்டயப் படிப்பின் முதல் அணியோ 1964-ல் சேர்ந்து 1966-லேயே வெளியேறிவிட்டது. இன்று பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து நிற்கும் அந்த வளாகம் முழுமையடைவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள்.

அந்த முதல் அணியில் ஒருவர் சி. கே. பிரகலாத். கோயம்புத்தூரில் 1941-ல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடின் பேட்டரித் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு அகமதாபாத்துக்குப் போனவர். ஒரு நிறுவனத்தின் வலு அது விற்கும் பொருளில் இருப்பதைவிட அந்தப் பொருளுக்கு அடியில் அது திரட்டி வைத்திருக்கும் திறனில் இருக்கிறது என்று, 1990-ல் கேரி ஹேமலுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையை இன்று உலகின் எந்த வணிகக் கல்லூரியிலும் பாடமாக வைக்கிறார்கள். அவர் காலத்து ‘வசதிகள்’ பக்கத்தை எழுத என்னைக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? கட்டி முடியாத கட்டடம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சில ஆசிரியர்கள், ஹார்வர்டிலிருந்து வந்த வழக்காய்வுத் தாள்கள். அரைப் பக்கம்கூட நிரம்பியிருக்காது.

ஆனால் ஒரு வசதி இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அது வகுப்பறையின் வடிவம்.

குதிரை லாடம்போல வளைந்து, படிப்படியாக உயர்ந்து செல்லும் இருக்கை வரிசைகள். லாடத்தின் திறந்த வாயில் ஆசிரியர். ஒவ்வோர் இருக்கைக்கு முன்னும் அமர்ந்திருப்பவரின் பெயர் எழுதிய அட்டை. ஹார்வர்டிலிருந்து வந்த வழக்கம் இது, வழக்காய்வு முறைக்காகவே உருவானது. ‘கேஸ்’ என்று அங்கே எல்லோரும் சொல்லும் அந்தத் தாள்களில் ஒரு நிறுவனத்தின் கதை இருக்கும், கணக்குகள் இருக்கும், ஒரு மேலாளர் ஒரு முடிவை எடுக்க வேண்டிய நாளில் கதை நின்றுவிடும். விடை இருக்காது. இரவு அதைப் படித்துவிட்டு வர வேண்டும். காலையில் யாரை வேண்டுமானாலும் பெயர் சொல்லி அழைத்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியர் கேட்பார். லாட வடிவத்தின் சூட்சுமம் எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது. நான் பேசினால் அதை மறுக்கிறவரின் முகத்தை நான் பார்க்க முடியும். அவரும் என் முகத்தைப் பார்ப்பார். நம் ஊர் வகுப்பறையில் மாணவன் ஐம்பது முதுகுகளைப் பார்த்துக்கொண்டு பேசுகிறான், அல்லது பேசாமலே மூன்று ஆண்டுகளைக் கழித்துவிடுகிறான். கடைசி பெஞ்சு என்று ஒன்று இல்லாத அறையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆசிரியர்களான நாங்களே முதல் வாரத்தில் ஒளிய இடம் தேடினோம்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் கையில் கொடுத்த தாளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1993-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி வெளியிட்ட வழக்காய்வு அது. எழுதிய பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் முடித்து, இதே அகமதாபாத்தில் மேலாண்மை படித்துவிட்டுப் பாஸ்டனுக்குப் போனவர். மதுரை அண்ணா நகரில் நகரப் பேருந்தில் போய் இறங்கும் இடம், ஹார்வர்டு வழியாகச் சுற்றிக்கொண்டு குஜராத்தில் என் கைக்கு வந்திருந்தது.

கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். வடமலாபுரத்துக்காரரான மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு அவர் அறுவை சிகிச்சை செய்தார். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதை வைத்து, கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசம். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொருவர் தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் ஒரு நிமிடம்கூட வீணாகாது. பின்னர் 1992-ல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைத் தாங்களே செய்யத் தொடங்கியபோது செலவு வெகுவாகக் குறைந்தது.

வகுப்பில் விவாதம் வழக்கம்போல எண்களில் போனது. அறுவை மேசைக்கு எத்தனை பேர், படுக்கை எத்தனை நாள் காலியாக இருக்கிறது, எங்கே நெரிசல். ஒருவர் கேட்டார்: சிகிச்சை இலவசம், போக்குவரத்து இலவசம், சாப்பாடும் இலவசம் என்றால், ஏன் இன்னும் நிறையப் பேர் வருவதில்லை? அறை அமைதியானது. பேராசிரியர் என் பெயரட்டையில் இருந்த ஊரைக் கவனித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார்.

நான் என் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னேன். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது, கண்புரை முற்றிப்போய்ச் சுவரைத் தடவி நடந்துகொண்டிருந்தவர் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த முகாமுக்கும் போகவில்லை. மூன்றாவது முகாமுக்குப் போனார், ஏனென்றால் எதிர் வீட்டுக் கிழவி கறுப்புக் கண்ணாடியோடு பேருந்திலிருந்து இறங்கி, தானாகவே வாய்க்காலைத் தாண்டி வீட்டுக்கு நடந்துவந்ததை ஊரே பார்த்தது. பிற்பாடு அப்பத்தா சொன்னது இதுதான்: “காசு வாங்காமச் செய்யுறானுகளே, கண்ணைக் கெடுத்துப்புடுவானுகளோன்னு பயந்தேன்டி.” இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் மொழிபெயர்த்தபோது அந்த ‘டி’யும் ‘புடுவானுகளோ’வும் காணாமல் போயின. ஆனாலும் விஷயம் போய்ச் சேர்ந்தது. பேராசிரியர் அதுவரை கரும்பலகையில் எழுதியிருந்த எண்களை ஓரமாக அழித்துவிட்டு, நடுவில் ‘பயம்’ என்பதற்கான சொல்லை மட்டும் எழுதினார். அதன்பிறகு ஒரு மணி நேரம் வேறு திசையில் போனது. அஸ்ஸாமிலிருந்து வந்திருந்த ஆசிரியை, அப்படியானால் அந்த மருத்துவமனையின் விளம்பரச் செலவு அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் என்றார். இன்னொருவர், ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேரைச் சேர்த்து அழைத்துப்போய்ச் சேர்த்தே திருப்பி அனுப்புவது ஏன் என்று இப்போது புரிகிறது என்றார். எனக்கே அது அதுவரை புரிந்திருக்கவில்லை. அப்பத்தாவை அழைத்துக்கொண்டு போனவள் நான். பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

இதே மருத்துவமனையைப் பிரகலாத் 2004-ல் வெளியான தம் நூலில், ஏழைகளை உதவி பெறுபவர்களாகப் பார்க்காமல் வாடிக்கையாளர்களாக மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். அவருடைய அந்த வாதத்தை நான் முழுவதும் ஏற்பவளில்லை. ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்பதும் கண்ணைத் திறந்து வைப்பதும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை என்று எனக்குத் தோன்றியதில்லை. அது வேறு கதை.

விடுதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கற்பதில் பாதி விடுதியில் நடக்கிறது. கான் கட்டிய 18 விடுதிகளில், ஒவ்வொரு தளத்திலும் பத்து அறைகள் ஒரு படிக்கட்டையும் ஒரு தேநீர் அறையையும் சுற்றி அமைந்திருக்கும். நீண்ட நடைவழியில் இரண்டு பக்கமும் கதவுகள் என்ற நம் ஊர் ஹாஸ்டல் அமைப்பு அங்கே இல்லை. தன் அறையிலிருந்து வெளியே வருகிறவர் இன்னொருவர்மேல் மோதாமல் போக முடியாது. முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்து வழிப் பகுப்பாய்வு என்று ஒரு பாடம் உண்டு. ‘வாக்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். சொல் எண்ணிக்கை வரம்புக்குள் ஒரு வழக்காய்வுக்கு அறிக்கை எழுதி, குறித்த நிமிடத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு விடுதியிலிருந்து ஓடும் ஓட்டத்துக்கு வளாகத்தில் ஒரு புராணமே இருக்கிறது. வாயிலுக்கு வெளியே ‘கிட்லி’ என்று குஜராத்தியில் சொல்லும் தேநீர்க் கடையில் மாலை நேரம் அரை டம்ளர் இஞ்சித் தேநீரோடு நின்றால், முன்னாள் மாணவர்கள் தங்கள் ஓட்டங்களைப் பற்றி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

அந்த விடுதிகளைத்தான் 2020 டிசம்பரில் கழகம் இடிக்கப் போவதாக அறிவித்தது. பதினெட்டில் பதினான்கு. செங்கல் கட்டுமானத்துக்குள் பதித்திருந்த இரும்புக் கம்பிகளில் ஈரம் இறங்கித் துருப்பிடித்து, துரு பருக்கப் பருக்கச் செங்கல் பிளந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ்ஜில் வந்த நிலநடுக்கத்தின் பாதிப்பும் இருந்தது. உலகெங்குமிருந்து கட்டடக் கலைஞர்கள் கடிதம் எழுதினார்கள். கானின் மூன்று பிள்ளைகளும் எழுதினார்கள். 2021 புத்தாண்டு நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதே வளாகத்தின் விக்ரம் சாராபாய் நூலகத்தைச் சோமையா அண்டு கலப்பா நிறுவனம் புதுப்பித்த விதத்துக்கு 2019-ல் யுனெஸ்கோ விருது கிடைத்திருந்ததால், விடுதிகளையும் அப்படியே காப்பாற்றலாமே என்று பலர் கேட்டனர். 2022-ன் இறுதியில், சில கட்டடங்களை மீண்டும் கட்டுவதைத் தவிர வழியில்லை என்ற நிலைக்கே கழகம் திரும்பியது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. வாசலில் நின்று படம் எடுக்கிறவருக்கு அது கலைச்சின்னம். மழைக்காலத்தில் அதற்கு அடியில் படுத்து உறங்கும் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கூரை. கூரை ஒழுகக் கூடாது. ஆனால் புதிதாகக் கட்டும்போது அந்தத் தேநீர் அறையை விட்டுவிட்டு, சதுர அடிக் கணக்குப் பார்த்து நீண்ட நடைவழி போட்டுவிட்டால், செங்கல்லை அப்படியே நகல் எடுத்தாலும் பயன் இல்லை என்றே நினைக்கிறேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் புதிய வளாகம் ஒன்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. பிமல் பட்டேலின் நிறுவனம் வடிவமைத்தது. செங்கல்லுக்குப் பதில் பூசாத கான்கிரீட், நேர்க்கோடுகள், சாம்பல் நிறம். இரண்டு வளாகங்களையும் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இணைக்கிறது. பழையதிலிருந்து புதியதற்கு நடந்துபோனால் சிவப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும். எனக்குப் புதிய வளாகம் பிடித்ததா என்று கேட்டால், நடக்க வசதியாக இருந்தது என்பேன். அங்கும் வகுப்பறைகள் பழையபடியே வளைந்து உயர்ந்திருந்தன. கட்டடக் கலைஞர் மாறினார், கட்டுமானப் பொருள் மாறியது, வகுப்பறையின் வடிவத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

இனி சாதனைகள். நாளேடுகளில் அந்தக் கழகத்தின் பெயர் ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் வரும், பெரும்பாலும் யாரோ ஒரு மாணவருக்குக் கிடைத்த கோடிகளோடு. அந்தத் தலைப்புச் செய்திகளால் நொந்துபோய்த்தானோ என்னவோ, வேலைவாய்ப்பு விவரங்களை எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கு ஒரு தர வரையறையை 2011-12 வாக்கில் அவர்களே முன்கையெடுத்து உருவாக்கினார்கள். உச்ச ஊதியம் மட்டும் போதாது. இடைநிலை ஊதியம், குறைந்த ஊதியம், எந்தத் துறையில் எத்தனை பேர் என்பதெல்லாம் சொல்ல வேண்டும். வெளியார் தணிக்கையும் வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகளின் ‘நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு’ பதாகைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அறிக்கையின் அடக்கமான அட்டவணைகள் நினைவுக்கு வருகின்றன. நூறு விழுக்காடு என்பதில் விண்ணப்பித்தவர்களில் நூறா, படித்தவர்களில் நூறா என்று கேட்கும் பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஊதியப் பட்டியலில் ஏறாத பெயர்களும் இருக்கின்றன. 1987-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியேறிய ரகுராம் ராஜன் 2013-ல் ரிசர்வ் வங்கியின் ஆளுநரானார். அவரை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பே 1974-ல் அங்கே படித்து முடித்த மல்லிகா சாராபாய் நடனத்துக்கே திரும்பினார். சென்னை மடிப்பாக்கத்தில் அம்மா இட்லி விற்றுப் படிக்கவைத்த சரத்பாபு ஏழுமலை, 2006-ல் வெளியேறியபோது கைக்கு எட்டிய பெரிய வேலைகளை விட்டுவிட்டு, அகமதாபாத்திலேயே உணவு வழங்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய கதையை எங்கள் முதலாண்டு மாணவர்களுக்குச் சொன்னால் கண்கள் விரியும். அந்த ஆண்டின் சராசரி ஊதியக் கணக்கில் அவர் இல்லவே இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கணக்குப்படி உண்மை அதுதான்: சம்பளம் வாங்காதவன் அட்டவணையில் ஒரு வெற்றிடம்.

மாணவர் சாதனை என்ற தலைப்பில் வராத இன்னொன்றும் உண்டு. தேர்தலில் நிற்பவர் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்தையும் கல்வியையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று இன்று இருக்கும் நடைமுறை, 1999-ல் இந்தக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட வழக்கில், 2002-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்தது. த்ரிலோசன் சாஸ்திரி, ஜக்தீப் சோக்கர் போன்றவர்கள் வகுப்பில் தகவல் இல்லாமல் முடிவெடுக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். வாக்காளருக்கும் அதையே கேட்டுப் போனார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டது ரவி மத்தாயின் முடிவு. 1965-ல் முதல் முழுநேர இயக்குநராக வந்தவர். ஆசிரியர்கள் தாங்களே முடிவெடுக்கும் வழக்கத்தை வளர்த்துவிட்டு, 1972-ல் யாரும் போகச் சொல்லாதபோதே இயக்குநர் பதவியை விட்டு இறங்கி, அதே இடத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தார். பிறகு 1975-ல் ராஜஸ்தானின் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போய், தேசிய வடிவமைப்புக் கழகத்தினருடன் சேர்ந்து, அங்கிருந்த நெசவாளர்களும் தோல் தொழிலாளர்களும் இடைத்தரகர் இல்லாமல் தங்கள் சரக்கைத் தாங்களே விற்கக் கற்பது எப்படி என்று உழைத்தார். பதவிக் காலம் முடிந்த பிறகும் அறையைக் காலி செய்ய மனம் வராத முதல்வர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இயக்குநர் அறையிலிருந்து அதே தாழ்வாரத்தின் இன்னொரு அறைக்கு ஒருவர் தம் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு நடந்துபோன காட்சியைக் கற்பனை செய்து பார்ப்பதே ஒரு பயிற்சியாக இருந்தது.

பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் அங்கேதான் கவனித்தேன். நம் கல்லூரிகளில் கட்டடத்துக்கான பணம் பெரும்பாலும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறவர்களின் கட்டணத்திலிருந்து வருகிறது. அங்கே 2020-ல் தொடங்கிய அறக்கொடை நிதிக்கு, பத்து முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 100 கோடி ரூபாய் தருவதாக உறுதியளித்தார்கள். புதிய கட்டடம் சாதனையாளர்களை உருவாக்கும் என்று நாங்கள் மலரில் எழுதுகிறோம். அங்கே எவ்வளவோ முன்பு முழுமையடையாத கட்டடத்தில் நடந்த வகுப்புகளின் பலன், அரை நூற்றாண்டு கழித்துப் புதிய கட்டடமாகத் திரும்பி வருகிறது.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, கட்டப்போகும் புதிய தொகுதியில் ஒரே ஓர் அறையாவது லாட வடிவில் வேண்டும் என்று மனு எழுதியது. படம் வரைந்து, அளவு குறித்து, மூன்று பக்கம். கூட்டத்தில் எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பொறியாளர் கணக்குப் போட்டுவிட்டு, அதே பரப்பில் நேர் வரிசை போட்டால் இருபத்திரண்டு இருக்கை கூடுதலாகக் கிடைக்கும் என்றார். செயலர் என்னிடம், “மேடம், நீங்க சொல்றது சரிதான். ஆனா இருபத்திரண்டு சீட்டு” என்று நிறுத்தினார். மேலே சொல்ல ஒன்றுமில்லை. அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அரசு உதவி பெறாத பிரிவில் ஆசிரியர் சம்பளமே அந்த இருக்கைகளிலிருந்துதான் வருகிறது. இப்போது புதிய கட்டடத்தின் எல்லா வகுப்புகளிலும் இருக்கைகள் தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கின்றன, ஸ்மார்ட் போர்டைப் பார்த்தபடி. அசைக்க முடியாது.

மலருக்கான இரண்டு பக்கங்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியல்தான். நான்கு தளம், லிஃப்ட், ஆய்வகம், சுழற்கோப்பை. ‘உம்’மை எடுத்துவிட்டு இரண்டு தனித் தலைப்புகளாகப் போட்டேன்; அச்சகத்திலிருந்து திரும்பி வந்தபோது பழைய தலைப்பே இருந்தது.

இறுதியாண்டு மாணவர்களை மட்டும் இன்னும் பழைய கட்டடத்தின் பதினான்காம் எண் அறைக்கே அழைத்துப் போகிறேன். அங்கே மர பெஞ்சுகள், கனமானவை, ஆனால் இழுத்தால் வரும். “மேம், லாடம் போட்டுறலாமா?” என்று கேட்பார்கள், அதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர். பத்து நிமிடம் கிறீச் கிறீச்சென்று தளமே அதிரும். சென்ற வாரம் அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது அட்டெண்டர் கதவருகே வந்து நின்றார். “மேடம், நாளைக்கு இது எக்ஸாம் ஹாலு. ரிஜிஸ்டர் நம்பரெல்லாம் எழுதியாச்சு. வரிசை மாறிப்போச்சுன்னா என்னயத்தான் கேப்பாங்க.” நியாயமான பேச்சு. வேண்டாம், விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், முன் வரிசையில் இருந்த மாணவி என் மேசையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, இன்னும் நகர்த்தாத பெஞ்சுகளின் கால்களைச் சுற்றி ஒவ்வொன்றாக வட்டம் போட்டு, வட்டத்துக்குள் எண்ணும் எழுதத் தொடங்கினாள். அட்டெண்டர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, ஏற்கெனவே இழுத்துவிட்ட மூன்றாவது பெஞ்சு எங்கே இருந்தது என்று காலால் காட்டினார்.